பொலிகிடா மாற்றும் கணக்கு: உயிரியல் பூங்காவில் யாருக்கு யார் ஜோடி, யாருக்கு எந்த ஊர், யாருக்கு என்ன வீடு

ஆடு வளர்க்கிறவர்கள் ஒரே பொலிகிடாவை, அதாவது பெட்டை ஆடுகளோடு சேர விடும் கிடாவை, இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் மந்தையில் வைத்திருக்க மாட்டார்கள். அதற்குள் அதன் மகள்களே பருவத்துக்கு வந்துவிடும். அப்பனும் மகளும் சேர்ந்தால் குட்டி சிறுக்கும், சாவு கூடும், நாளடைவில் சினையே பிடிக்காமல் போகும். அதனால் பக்கத்து ஊர்க்காரரிடம் கிடாவைக் கொடுத்துவிட்டு அவருடையதை ஓட்டி வருவார்கள். யாரும் மரபியல் படித்துவிட்டு இதைச் செய்வதில்லை. பட்டு அறிந்தது.

உயிரியல் பூங்காக்களின் இனப்பெருக்கத் திட்டமும் அடிப்படையில் இந்தக் கிடா மாற்றும் வேலைதான். மந்தை மட்டும் ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கிறது. வண்டலூரில் நான்கு, மைசூருவில் மூன்று, திருவனந்தபுரத்தில் இரண்டு என்று சிங்கவால் குரங்குகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பார்வையாளருக்கு அவை மூன்று பூங்காக்களின் குரங்குகள். திட்டம் போடுகிறவருக்கு அது ஒன்பது தலை உள்ள ஒரே கூட்டம். அந்த ஒன்பதில் எது எதோடு சேர வேண்டும், அதற்காக எது எந்த ஊருக்குப் போக வேண்டும், போன இடத்தில் அதற்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று யோசிப்பதுதான் வேலை. குட்டி பிறந்த செய்தி பத்திரிகையில் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே இந்த யோசனை தொடங்கிவிடும்.

பதிவேடு

எல்லாவற்றுக்கும் அடிப்படை வம்சாவளிப் பதிவேடு. ஸ்டட்புக் என்றுதான் பூங்காக்களில் சொல்வார்கள். குதிரைக்கும் மாட்டுக்கும் இது பழைய வழக்கம். காட்டுவிலங்குக்கு முதலில் வந்தது ஐரோப்பியக் காட்டெருதுக்கு, 1932இல். அப்போது காட்டில் ஒன்றுகூட மிச்சமில்லை, கூண்டுகளில் மட்டும் கொஞ்சம் இருந்தன. இன்று போலந்துக் காடுகளில் மேய்கிற மந்தைகள் உட்பட உலகில் உள்ள எல்லா ஐரோப்பியக் காட்டெருதுகளும் 12 விலங்குகளின் வாரிசுகள். அந்தப் பன்னிரண்டையும் பெயர் சொல்லிக் காட்ட முடிகிறது என்றால் அது பதிவேட்டின் உபயம்.

பதிவேட்டில் ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு வரி. அதற்கென்று ஒரு எண், ஆணா பெண்ணா, பிறந்த தேதி, பிறந்த இடம், அப்பா எண், அம்மா எண், எந்தத் தேதியில் எந்தப் பூங்காவுக்குப் போனது, மைக்ரோசிப் எண், இறந்தால் தேதியும் காரணமும். ஒரு கூட்டத்தை 2.3.1 என்று எழுதியிருந்தால் இரண்டு ஆண், மூன்று பெண், ஆணா பெண்ணா என்று தெரியாத குட்டி ஒன்று என்று பொருள். ஆண்தான் முதலில் வரும். இந்தச் சுருக்கெழுத்தை உலகத்தில் எந்தப் பூங்காவில் காட்டினாலும் புரியும்.

இந்தியாவில் பூங்காக்களை மேற்பார்வையிடும் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 1992இல் அமைந்தது. ஒவ்வொரு முக்கிய இனத்துக்கும் ஒரு பூங்காவை ஒருங்கிணைப்பாளராக நியமிப்பது அதன் வழக்கம். ஆசியச் சிங்கத்துக்கு ஜூனாகத்தின் சக்கர்பாக், சிவப்பு பாண்டாவுக்கு டார்ஜிலிங், சிங்கவால் குரங்குக்கு வண்டலூர். பல இனங்களின் தேசியப் பதிவேடுகளைத் தொகுத்துத் தருவது டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனம்.

பதிவேடு எங்கே கெடும்? பெரும்பாலும் மான் கொட்டிலில். முப்பது புள்ளிமான் நிற்கும் இடத்தில் எட்டு ஆண் இருந்தால் எந்தக் குட்டிக்கு எது அப்பன் என்று யாரால் சொல்ல முடியும்? அப்பா பத்தியில் ‘தெரியாது’ என்று விழுந்துவிட்டால் அந்த வரியிலிருந்து கீழே வரும் எல்லாக் கணக்கும் தள்ளாடும். அதனால் இனப்பெருக்கத்துக்கென்று ஒதுக்கிய கூட்டத்தில் ஒரு பருவத்துக்கு ஒரே ஆணை விடுவார்கள், மற்ற ஆண்களைத் தனியே பிரித்துவிடுவார்கள். இன்னொரு தவறு பெயரால் வருவது. செத்துப்போன ‘ராஜா’ என்ற புலியின் பெயரைப் புதுப் புலிக்கும் வைத்துவிடுவார்கள், இருபது ஆண்டு கழித்துக் கோப்பைப் புரட்டுகிறவர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார். பெயர் காப்பாளர் கூப்பிடுவதற்கு. பதிவேட்டில் எண்தான் பேச வேண்டும். மைக்ரோசிப்பும் தோலுக்கடியில் இடம் நகரும், சில சமயம் வேலை செய்யாமலே போகும். ஆகவே விலங்கு கிளம்பும் முன் ஒரு முறையும் போய்ச் சேர்ந்ததும் ஒரு முறையும் ரீடரை வைத்துப் படித்துப் பார்ப்பது கட்டாயம்.

சொந்தத்துக்குள் சேர்ந்தால் எவ்வளவு

நம் ஊரில் சொந்தத்தில் கல்யாணம் பழகிய விஷயம் என்பதால் இந்தக் கணக்கு எளிதில் பிடிபடும். எந்த மரபணுவும் அப்பாவிடமிருந்து ஒரு பிரதி, அம்மாவிடமிருந்து ஒரு பிரதி என்று இரண்டாக வருகிறது. இரண்டு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்து வந்து சேர்வதற்கு எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் உறவுக்கலப்பு அளவு. மாமன் மகளைக் கட்டினால் பிறக்கும் பிள்ளைக்கு அது பதினாறில் ஒன்று. அக்கா மகளைக் கட்டினால் எட்டில் ஒன்று. அண்ணன் தங்கையோ அப்பன் மகளோ சேர்ந்தால் நான்கில் ஒன்று. கூண்டில் உள்ள விலங்குக்கு முறை தெரியாது. முறை பார்க்க வேண்டியது பதிவேடு வைத்திருப்பவர்.

இதைவிட மெல்ல வருகிற ஆபத்து ஒன்று இருக்கிறது. தலை எண்ணிக்கை பெரிதாகத் தெரிந்தாலும் மரபுப் பார்வையில் கூட்டம் மிகச் சிறியதாக இருக்கலாம். ஆண் எண்ணிக்கையையும் பெண் எண்ணிக்கையையும் பெருக்கி, நான்கால் பெருக்கி, மொத்தத்தால் வகுத்தால் ‘பயன்படும் எண்ணிக்கை’ கிடைக்கும். ஐந்து ஆணும் ஐந்து பெண்ணும் பெற்றுப் பெருகினால் விடை 10. ஒரே ஆண், ஒன்பது பெண் என்றால் 3.6 மட்டும். கண்ணுக்கு இரண்டிலும் பத்துத் தலை. ஆனால் முதல் கூட்டம் தலைமுறைக்குச் சுமார் 5 சதவீத மரபு வேறுபாட்டை இழக்கும், இரண்டாவது ஏறக்குறைய 14 சதவீதத்தை இழக்கும். பயன்படும் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, ஒன்றை அந்த விடையால் வகுத்தால் இந்த இழப்பு வரும். இப்படி இழந்ததை உள்ளேயிருந்து திரும்பப் பெற முடியாது, வெளியிலிருந்து புது ரத்தம் வந்தால்தான் உண்டு.

காட்டிலிருந்து வந்து, ஒன்றுக்கொன்று உறவில்லாமல், வாரிசு விட்டுப் போன விலங்கை மூல விலங்கு என்பார்கள். ஐந்து மூல விலங்கு இருந்தால் காட்டுக் கூட்டத்தின் மரபு வேறுபாட்டில் சுமார் 90 சதவீதம் கைக்கு வந்துவிடும். பத்து இருந்தால் 95, இருபது இருந்தால் 97.5. தொடங்குவதற்குப் பெரிய எண்ணிக்கை வேண்டியதில்லை என்பது இதில் நம்பிக்கை தரும் செய்தி. அசாமில் குள்ளப் பன்றியை மீட்கும் திட்டம் 1996இல் மானஸ் காட்டிலிருந்து பிடித்த ஆறு பன்றிகளோடுதான் தொடங்கியது, 2008 முதல் அதன் வாரிசுகளைக் காட்டில் விட்டுவருகிறார்கள். தொடங்கிய பிறகு எல்லா மூலத்துக்கும் சம அளவில் வாரிசு கிடைக்கச் செய்வதுதான் கடினமான பகுதி. நன்றாகக் குட்டி போடும் ஒரு ஜோடி கிடைத்தால் அதையே பெருக்கிக்கொண்டு போகத் தோன்றும். பத்து ஆண்டில் கூட்டத்தில் பாதி அந்த ஜோடியின் பேரன் பேத்திகளாக நிற்கும்.

இதைத் தவிர்க்கப் பதிவேட்டுக்காரர்கள் ஒவ்வொரு விலங்கும் மொத்தக் கூட்டத்தோடு சராசரியாக எவ்வளவு உறவு என்று கணக்கிட்டு வரிசைப்படுத்துவார்கள். உறவு குறைந்தது மேலே வரும், அதற்குத்தான் முதலில் ஜோடி தேட வேண்டும். அழகு, பருமன், மக்களுக்குப் பிடித்த முகம் எதுவும் இந்த வரிசையில் வராது. யாரும் கவனிக்காத ஒரு மூலையில், இதுவரை குட்டியே போடாத, சற்று வயதான பெண் குரங்கு பட்டியலில் முதலில் நிற்கும். ஒவ்வொரு வருடமும் குட்டி போட்டுப் புகைப்படத்தில் வருகிறது கடைசியில் நிற்கும்.

கணக்கு தவறிய இரண்டு இடங்கள்

வெள்ளைப்புலி முதல் இடம். 1951இல் ரீவா மகாராஜா ஒரு வெள்ளைப்புலிக் குட்டியைப் பிடித்து மோகன் என்று பெயரிட்டு வளர்த்தார். சாதாரண நிறமுள்ள பெண் புலியோடு சேர்த்தபோது பிறந்தவை எல்லாம் சாதாரண நிறம். காரணம் எளிது: வெள்ளை நிறத்துக்கான பிரதி அப்பா அம்மா இருவரிடமிருந்தும் வந்தால்தான் குட்டி வெள்ளையாகும். பிறகு மோகனை அதன் சொந்த மகளான ராதாவோடு சேர்த்தார்கள். 1958இல் நான்கு வெள்ளைக் குட்டி பிறந்தது. அன்று அது பெரிய வெற்றியாகத் தெரிந்தது. வெள்ளையாக இருக்கிற புலிகள் கைக்கு எண்ணிக்கையாகத்தான் இருந்தன, வெள்ளை வேண்டுமென்றால் அவற்றுக்குள்ளேயே சேர்த்தாக வேண்டும். இப்படியே தலைமுறை தலைமுறையாக நெருங்கிய சொந்தத்துக்குள் சேர்ந்ததில் குட்டிச் சாவும் உறுப்புக் குறைபாடும் பெருகின. பல வெள்ளைப்புலிகளுக்கு மாறுகண் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அதை உறவுக்கலப்பின் கணக்கில் மட்டும் எழுதக் கூடாது. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புகள் தவறான பக்கம் இணைவது அந்த நிறக் குறைபாட்டோடு சேர்ந்தே வருகிறது. வெள்ளைப்புலி தனி இனமும் இல்லை, அழிவிலிருந்து காக்க வேண்டிய வகையும் இல்லை. அது வாழும் இடத்தில் ஒரு சாதாரணப் புலி வாழ்ந்து, பதிவேட்டுக்கு உதவியிருக்க முடியும் என்பதுதான் என் வருத்தம். இப்போது பிறந்திருப்பவற்றை நன்றாக வாழ வைக்க வேண்டும், நிறத்துக்காக மேலும் பெருக்கத் தேவையில்லை.

இரண்டாவது சிங்கம். பஞ்சாபின் சத்பீர் பூங்காவில் சர்க்கஸ்களிலிருந்து வந்த ஆப்பிரிக்கச் சிங்கங்களும் ஆசியச் சிங்கங்களும் கலந்து பெருகின. கூட்டம் வளர்ந்தது, பின்னால் நோய்க்குத் தாங்காமல் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தது. ஆண்களுக்குக் கருத்தடை செய்து, இருப்பவற்றின் ஆயுள்வரை பராமரிப்பது என்று முடிவெடுக்க வேண்டிவந்தது. வட அமெரிக்காவிலும் இதே கதை. ஆசியச் சிங்கம் என்று நம்பி அக்கறையாகப் பெருக்கிய கூட்டத்தை 1980களில் மரபுப் பரிசோதனை செய்தபோது, ஐந்து மூலச் சிங்கங்களில் இரண்டு ஆசியாவைச் சேர்ந்தவையே இல்லை என்று தெரிந்தது. பல ஆண்டு உழைப்பு அந்த ஒரு பரிசோதனையோடு முடிந்தது. பறிமுதல் செய்யப்பட்டு, பிறந்த ஊர் தெரியாமல் வரும் விலங்கை உடனே ஜோடி சேர்க்காமல் ரத்த மாதிரி அனுப்பிக் காத்திருப்பது இதனால்தான்.

யாரை அனுப்புவது

நல்ல பரிமாற்றம் என்ன செய்யும் என்பதற்கு நந்தன்கானனைச் சொல்லலாம். 1970களின் நடுவில் இந்திய ஆறுகளில் சொம்புமூக்கு முதலைகள் (கரியால்) இருநூறுக்கும் குறைவாகத்தான் மிஞ்சியிருந்தன. ஒடிசாவின் நந்தன்கானனில் பெண்கள் இருந்தன, முதிர்ந்த ஆண் இல்லை. ஆணுக்கு மூக்கு நுனியில் சொம்பு முளைத்து முதிர்வதற்குப் பத்து வருடத்துக்கு மேல் பிடிக்கும், குட்டியைப் பிடித்து வந்து காத்திருக்க நேரமில்லை. ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் பூங்காவில் ஓர் ஆண் தனியாக இருந்தது. அது வந்து சேர்ந்த பிறகு 1980இல் நந்தன்கானனில் குஞ்சு பொரித்தது. மனிதப் பராமரிப்பில் சொம்புமூக்கு முதலை இனப்பெருக்கம் செய்தது அதுதான் முதல் முறை.

ஆனால் ஆணை அனுப்புவது எல்லா இனத்துக்கும் பொருந்தாது. காட்டில் அந்த இனம் எப்படிப் பிரிகிறதோ அப்படித்தான் நாமும் பிரிக்க வேண்டும். குரங்குக் கூட்டத்தில் அம்மா, மகள், பேத்தி என்று பெண்கள் பிறந்த இடத்திலேயே சேர்ந்து வாழும், வயதுக்கு வந்த ஆண்தான் வெளியேறும். ஆகவே சிங்கவால் குரங்கில் இளம் ஆணை இன்னொரு பூங்காவுக்கு அனுப்பினால் அதற்கும் கூட்டத்துக்கும் அது இயல்பான பிரிவு. ஒரு பெண்ணைத் தனியாகப் பிரித்து அனுப்பினால் புதுக் கூட்டத்துப் பெண்கள் அதைத் துரத்தித் துரத்திக் கடிக்கும், தீனிப் பக்கம் நெருங்க விடாது. பெண்ணை அனுப்பியே ஆக வேண்டுமென்றால் அம்மாவும் மகளும் சேர்ந்து போகட்டும். சிம்பன்சியில் இது தலைகீழ்: அங்கே வீட்டை விட்டுப் போவது பெண். சிங்கத்தில் அண்ணன் தம்பி ஆண்கள் சேர்ந்தே அலையும், அந்த ஜோடியைப் பிரிக்காமல் அனுப்பினால் நிம்மதியாக இருக்கும். யானையில் பெண்களைப் பிரிப்பதைவிடப் பெரிய கொடுமை இல்லை.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன்படி அட்டவணை விலங்கு எதையும் ஒரு பூங்கா இன்னொன்றுக்கு மாற்ற மத்திய ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். வெளிநாட்டுக்கென்றால் சைட்டீஸ் என்ற சர்வதேச வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் அனுமதியும் கால்நடைச் சுகாதாரச் சான்றிதழும் கூடச் சேரும். கோப்பு நகர மாதக்கணக்கில் ஆகும், அதுவரை விலங்குக்கு வயது ஏறிக்கொண்டே இருக்கும். பெண் புலிக்கு எட்டு வயதாகும்போது விண்ணப்பம் எழுதத் தொடங்கக் கூடாது, நான்கு வயதில் எழுத வேண்டும்.

அனுப்ப இடமில்லாதபோது பிறப்பைத் தடுத்தாக வேண்டும். புள்ளிமானும் வெளிமானும் பல பூங்காக்களில் இடம் கொள்ளாமல் நிற்பது தடுக்காததால்தான். ஆண் பெண்ணைப் பிரிக்கலாம், ஆணுக்குக் கருத்தடை அறுவை செய்யலாம், பெண்ணுக்குத் தோலடியில் ஹார்மோன் வில்லை வைக்கலாம். ஒவ்வொன்றிலும் ஒரு சிக்கல் உண்டு. யானை, காண்டாமிருகம், சிவிங்கிப்புலி (சீட்டா) ஆகியவற்றில் பெண் பல ஆண்டு சினையாகாமலே இருந்தால் கருப்பையில் கட்டிகள் வந்து, பிறகு விரும்பினாலும் பிடிக்காமல் போகும். ‘இப்போது வேண்டாம், பிறகு பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுவதே அந்தப் பெண்ணைப் பதிவேட்டிலிருந்து நீக்குவதாக முடிந்துவிடலாம். 2014 பிப்ரவரியில் கோபன்ஹேகன் பூங்கா மேரியஸ் என்ற இளம் ஆண் ஒட்டகச்சிவிங்கியைக் கொன்றது உலகச் செய்தியானது. அதன் மரபு ஏற்கெனவே கூட்டத்தில் நிறைய இருந்தது என்பதே அவர்கள் சொன்ன காரணம். கணக்காக அது பொய்யில்லை. ஆனால் அந்தக் கணக்கைக் குட்டி பிறந்த பிறகு போடுவதைவிட ஜோடி சேர்ப்பதற்கு முன் போட்டிருந்தால் ஓர் உயிர் மிஞ்சியிருக்கும்.

கூண்டில் ஏறுவது

பயணக்கூண்டை வண்டி வரும் நாளன்று கொண்டுவந்து வைப்பது பெரும் தவறு. குறைந்தது இரண்டு மூன்று வாரம் முன்பே இரவுக் கூடத்து வாசலில் கூண்டைப் பொருத்திவிட வேண்டும். முதல் சில நாள் கதவை இரு பக்கமும் திறந்தே வைத்து, தீனியை வாசலில் வைப்பார்கள். பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு சாண் உள்ளே. விலங்கு தயங்காமல் உள்ளே போய்ச் சாப்பிடத் தொடங்கியதும் கதவை ஒரு நிமிடம் மூடித் திறப்பார்கள், பிறகு ஐந்து நிமிடம். கதவு மூடும் சத்தத்துக்கு அது தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தீனியைத் தொடர்ந்தால் தயார் என்று பொருள். இதைச் செய்யாமல் மயக்க ஊசி போட்டுத் தூக்கி ஏற்றுவது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும். மயக்கத்தில் விலங்கு தன் உடல் வெப்பத்தைச் சமாளிக்க முடியாது, கழுத்து மடங்கிக் கிடந்தாலும் தானே நிமிர்த்திக்கொள்ளாது.

கூண்டு பெரிதாக இருந்தால் வசதி என்று நினைப்பது இயல்பு. மானுக்கு அது ஆபத்து. திரும்ப இடம் கிடைத்தால் திரும்ப முயன்று காலை மாட்டிக்கொள்ளும். நிற்கலாம், படுக்கலாம், திரும்பக் கூடாது என்ற அளவில் செய்து, உள்ளே இருட்டாக வைத்து, காற்றுத் துளைகளை மட்டும் விடுவார்கள். ஆண் மானைக் கொம்பு உதிர்ந்த கையோடு அனுப்புவதே நல்லது. முதிர்ந்த கொம்போடு அனுப்பினால் குத்தும், தோல் போர்த்திய இளங்கொம்போடு அனுப்பினால் இடித்து ரத்தம் கொட்டும்.

மானைத் துரத்திப் பிடிப்பதில் வேறொரு மரணமும் காத்திருக்கிறது. பத்து நிமிடம் ஓட விட்டு வலையில் பிடித்தால் உடல் சூடு 41 டிகிரிக்கு மேல் ஏறி, தசை உள்ளுக்குள் சிதையத் தொடங்கும். அன்று நன்றாக நின்ற மான் இரண்டு மூன்று நாள் கழித்து எழுந்திருக்காமல் கிடக்கும், சிறுநீர் கருஞ்சிவப்பாக வரும், பிறகு மருத்துவம் பெரிதாக உதவாது. இதைத் தவிர்க்கத்தான் பார்வை மறைக்கும் துணிச் சுவர்களைப் புனல் வடிவில் கட்டி, தீனி வைத்துப் பழக்கி, மானைத் தானாகவே நடந்து கூண்டுக்குள் வரவைக்கும் போமா முறை. நாள் பிடிக்கும், ஆனால் மான் பிழைக்கும்.

பயணம் இரவில், வெயில் தணிந்த மாதத்தில். கூடவே ஒரு மருத்துவர், அந்த விலங்குக்குப் பழகிய காப்பாளர் ஒருவர். பழைய படுக்கை வைக்கோலில் ஒரு கட்டைத் தூக்கிப் போட்டால் புது இடத்தில் தன் வாசனை கொஞ்சம் இருக்கும். போய்ச் சேர்ந்ததும் வழக்கமாக 30 நாள் தனிமை: சாணப் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை, காசநோய்ப் பரிசோதனை. அந்த நாட்களில் இந்தக் காப்பாளர் வேறு கூண்டுக்குப் போகக் கூடாது, துடைப்பம் வாளிகூடத் தனி. தீனியை ஒரே நாளில் மாற்றாமல் பழைய பூங்காவின் பட்டியலிலிருந்து இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் வயிறு பொருமும்.

முகம் பார்த்தல்

புலியை எடுத்துக்கொள்வோம். அது தனியே வாழ்கிற விலங்கு, வந்ததும் ஆணையும் பெண்ணையும் ஒரே கொட்டிலில் விட்டால் ஒன்று சாகலாம். முதலில் வாசனை அறிமுகம்: இதன் படுக்கையை அதன் அறையில் போடுவது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் அறை மாற்றுவது. அடுத்து நடுவில் கம்பிவலைக் கதவு. இருவரும் மூக்கால் புர்ர் என்று மெல்ல ஊதினால் அது வணக்கம் சொல்வது மாதிரி. காது பின்னால் மடங்கி, வால் அடித்து, வலையில் பாய்ந்தால் இன்னும் நாள் ஆகவில்லை. பெண் சினைப்பருவத்துக்கு வரும்போது வலையில் உடம்பைத் தேய்க்கும், தரையில் புரளும், கத்தும், தீனி குறையும். அந்தச் சில நாட்களுக்குள்தான் கதவைத் திறக்க வேண்டும். தண்ணீர்க் குழாயும் தீயணைப்பானும் கையில் வைத்துக்கொண்டு, இரண்டும் வயிறு நிறைந்த பிறகு. ஒரே நாளில் பல முறை சேரும், சேர்க்கைதான் கரு முட்டையை வெளிவரச் செய்கிறது. பருவம் தணிந்ததும் பிரித்துவிட வேண்டும்.

முதல் சேர்க்கை நாளைக் குறித்து வைத்தால் சுமார் 105 நாளில் ஈற்று. அதற்கு இரண்டு வாரம் முன்பே இருட்டான, ஓசை எட்டாத ஈற்றறை தயாராக இருக்க வேண்டும், முடிந்தால் இரண்டு, எது வேண்டும் என்பதை அவளே தேர்ந்தெடுக்கட்டும். கேமராவை முன்பே பொருத்திவிட வேண்டும். முதல் ஈற்றில் தாய் குட்டியைக் கவ்விக்கொண்டு அங்குமிங்கும் அலைவதும், சில சமயம் தின்றுவிடுவதும் பெரும்பாலும் தொந்தரவால்தான். புது முகம், பினாயில் வாசனை, பக்கத்தில் வெல்டிங். முதல் சில நாள் அறையைக் கழுவாமல் விட்டால்கூடப் பரவாயில்லை. குட்டியை எடுத்துப் புட்டிப்பால் கொடுத்து வளர்ப்பது படத்துக்கு நன்றாக இருக்கும். ஆனால் அப்படி வளர்ந்தது பின்னாளில் தன் இனத்தோடு சேரத் தெரியாமல் நிற்பதுண்டு.

வீடு கட்டுவது

ஜோடி சேர்ப்பதற்கு முன் எண்ண வேண்டியது அறைகளை. ஆணுக்கு ஒன்று, தாய்க்கு ஒட்டினாற்போல் இரண்டு, கழுவும்போது மாற்ற ஒன்று. நான்கு ஆயிற்று. மூன்று குட்டி பிறந்தால் இரண்டு வருடம் தாயோடு இருக்கும், பிறகு ஒவ்வொன்றுக்கும் தனி அறை. ஏழு அறை இல்லையென்றால் குட்டிகளை வாங்கிக்கொள்ளும் பூங்காவின் ஒப்புதல் கடிதம் ஜோடி சேர்க்கும் முன்பே கோப்பில் இருக்க வேண்டும்.

இந்திய விதிப்படி ஒரு ஜோடிப் புலிக்குத் திறந்தவெளி குறைந்தது 1,000 சதுர மீட்டர், இரவு அறை ஒன்று குறைந்தது 2.75 மீட்டர் நீளம், 1.8 அகலம், 3 உயரம். வேலி 5 மீட்டர் உயரத்தில், மேல் பகுதி உள்பக்கம் சாய்ந்திருக்கும். இவை குறைந்தபட்சம். நல்ல கொட்டிலுக்கு அடையாளம் பரப்பளவு மட்டுமில்லை. பார்வையாளர் கண்ணிலிருந்து விலகிப் படுக்க ஓர் இடம், நாள் முழுக்க எங்காவது நிழல், ஏறி நின்று பார்க்க ஒரு மேடு இருக்கிறதா என்று பாருங்கள். சிங்கவால் குரங்கு மேற்குத் தொடர்ச்சி மலையில் மரத்தின் மேலேயே வாழ்கிறது, அதற்குத் தரை எத்தனை சதுர மீட்டர் என்பதைவிட உயரம் எவ்வளவு, கயிறும் கிளையும் எத்தனை திசையில் போகின்றன என்பதே வீடு.

பெரும்பாலான கொட்டில்கள் கெட்டுப்போவது பார்வையாளர் பார்க்காத பின்பக்கத்தில். மேலிருந்து இறங்கும் கதவின் கம்பி அறுந்தால் வால் போகும், எதிர்எடை வேண்டும். பக்கவாட்டில் ஓடும் கதவின் தடத்தில் வைக்கோல் அடைத்துக்கொண்டு, மூடியது போலத் தெரியும், மூடியிருக்காது. கதவை இழுக்கும் இடத்திலிருந்து அந்தக் கதவையும் உள்ளே நிற்கும் விலங்கையும் காப்பாளர் கண்ணால் பார்க்க முடியாத வடிவமைப்பை வரைபடத்திலேயே திருப்பி அனுப்ப வேண்டும். காப்பாளர் வாசல் இரட்டைக் கதவாக இருக்க வேண்டும், ஒன்று மூடினால்தான் மற்றது திறக்கலாம். தரைச் சரிவு சாக்கடைப் பக்கம் இல்லாவிட்டால் கழுவிய தண்ணீர் படுக்கையில் தேங்கி, பாதம் புண்ணாகும். குரங்குத் தீவைச் சுற்றி நீர் அகழி வெட்டினால் கரை செங்குத்தாக இருக்கவே கூடாது. விழுகிற குரங்கு மூழ்கிவிடலாம், பிடித்து ஏறச் சரிவோ வலையோ வேண்டும். வேலிக்குப் பக்கத்தில் நிழலுக்கு வளர்த்த மரம் புயலில் பாலமாகிவிடும். 2016 டிசம்பரில் வர்தா புயலில் வண்டலூரில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மரத்தின் உயரத்தை அளந்து, அது விழுந்தால் எட்டாத தூரத்தில் வேலி வர வேண்டும்.

கட்டி முடித்ததும் உடனே விலங்கை விட முடியாது. காந்தத்தை இழுத்துக்கொண்டு தரை முழுக்க நடந்தால் ஆணியும் கட்டுக்கம்பித் துண்டும் கை நிறையக் கிடைக்கும், அவை ஒவ்வொன்றும் ஒரு மானின் வயிற்றில் போகக்கூடியவை. அலங்காரத்துக்கு யாராவது அரளி நட்டிருந்தால் வேரோடு எடுக்க வேண்டும், கொஞ்சம் இலையே கொல்லும். குளத்தை நிரப்பி ஒரு வாரம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். மின்வேலிக்கு மின்வெட்டு நேரத்தில் பேட்டரி எடுத்துக்கொள்கிறதா என்று மெயினை அணைத்துப் பார்க்க வேண்டும்.

பிறகு முதல் நாள். புலிக்குக் காலைத் தீனி கொடுக்காமல் கதவைத் திறப்பார்கள், மாலை தீனிக்காக அது தானே உள்ளே திரும்பும். அந்தக் கதவைப் பகல் முழுக்க மூட மாட்டார்கள், பயந்தால் ஓடிவர ஓர் இடம் வேண்டும். சில புலிகள் முதல் நாள் வாசல்படியிலேயே முன்னங்காலை வெளியே வைத்துப் படுத்துக்கொண்டு மாலைவரை பார்த்துக்கொண்டிருக்கும். யாரும் பின்னாலிருந்து தள்ளக் கூடாது. மானுக்கு வேறு ஏற்பாடு. கம்பிவலை அதன் கண்ணுக்குத் தெரியாது, மிரண்டு ஓடி மோதிக் கழுத்தை முறித்துக்கொள்ளும். அதனால் வேலி முழுக்கப் பச்சைத் துணியோ தென்னை ஓலையோ கட்டிவைத்துச் சுவர் போலக் காட்டுவார்கள். வாரத்துக்கு ஒரு பக்கமாக ஓலையைப் பிரித்துக்கொண்டே வந்து, மான்கள் வேலி ஓரமாக நின்று நிதானமாக அசை போடத் தொடங்கிய பிறகுதான் கடைசிப் பக்கத்தையும் பிரித்துப் பார்வையாளர்களை விடுவார்கள்.